தொலைந்த சொல்

2023ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் இரண்டாம் வாரம். மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், அறுபது வயதைத் தொட்ட அம்மையார் ஒருவர் எங்கள் பங்கு அலுவலகத்தின் படியேறி வந்தார். அவருக்கு வேண்டியது ஒரு திருமுழுக்குச் சான்றிதழ். இளமையில் பிழைப்புத் தேடி வெளியூர் சென்று, அங்கே பதிவு அலுவலகத்தில் மட்டும் திருமணத்தைப் பதிவுசெய்து, முப்பத்தைந்து ஆண்டுகள் இல்லறம் நடத்தியவர். கணவர் இப்போது நோய்ப்படுக்கையில் இருந்தார். தங்கள் திருமணத்தைத் திருச்சபையின் முன் ஒழுங்குபடுத்திக்கொண்டு, நற்கருணை உட்கொண்ட பின்னரே கண்மூட வேண்டும் என்பது அந்தப் பெரியவரின் ஆசை.

"இந்தக் கோவில்லதான் சாமி எனக்கு ஞானஸ்நானம் ஆச்சு. 1962" என்றார் அம்மையார்.

பங்குத்தந்தை பழைய பதிவேடுகள் இருந்த மர அலமாரியைத் திறந்தார். 1958 முதல் 1964 வரையிலான பதிவேடு அடித்தட்டில் இருந்தது. இருந்தது என்று சொல்வதைவிட, அதன் அட்டை இருந்தது என்று சொல்வதே பொருந்தும். 2015ஆம் ஆண்டுப் பெருமழையில் ஊறிய சுவர் வழியாகக் கரையான் ஏறியிருந்தது. அட்டைக்குள் மண்ணும், எழுத்தற்ற தாள் விளிம்புகளுமே எஞ்சியிருந்தன. இலத்தீனில் அச்சிட்ட தலைப்பின் கீழ் அழகிய சாய்ந்த கையெழுத்தில் குருக்கள் எழுதிவைத்த ஆறு ஆண்டுக் குழந்தைகள், ஒரு பிடி மண்ணாகக் கிடந்தார்கள்.

திருமுழுக்குப் பதிவேடு என்பது வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. பங்குக் குருக்கள் திருமுழுக்கு, திருமணம் ஆகியவற்றைப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் எண், இப்பதிவேடுகளைக் காப்பது பங்குத்தந்தையின் கடமை என்கிறது. பின்னாளில் பெறும் உறுதிப்பூசுதலும் திருமணமும் குருத்துவமும் துறவற வார்த்தைப்பாடும் அந்த ஒரே வரியின் ஓரத்தில்தான் குறிக்கப்பட வேண்டும். ஒருவர் உலகின் எந்த மூலைக்குச் சென்றாலும், அவருடைய விசுவாச வாழ்வின் வரலாறு தம் முதல் பங்கின் அந்த ஓரத்துக்கே திரும்பி வந்து சேர்கிறது.

பதிவேடு அழிந்தால் வழியே இல்லை என்பதில்லை. ஐயத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சியின் சொல்லும் போதும் என்று 876ஆம் எண் இடம் தருகிறது. ஆனால் அம்மையாரின் ஞானத்தாய் இறந்துவிட்டார். எஞ்சியிருந்த ஒரே அத்தைக்குத் தொண்ணூறு வயது. நினைவு தப்பிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் மூலையில் துணி போர்த்திக் கிடந்த அந்தக் கணிப்பொறி நினைவுக்கு வந்தது.

*

நாங்கள் இருவரும் பங்குப் பேரவையில் நெடுநாள் இருப்பவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மற்றவர் ஆலை அலுவலகம் ஒன்றில் கணிப்பொறிகளைப் பராமரித்தவர். மூலையில் கிடந்தது, 2006இல் பங்கு மக்கள் வாங்கித் தந்த சர்வர். பல கணிப்பொறிகளுக்குத் தலைமையாக நின்று, கோப்புகளைக் காத்து, கேட்டவர்க்கு எடுத்துத் தரும் கணிப்பொறியைச் சர்வர் என்பார்கள். அதை அமைத்தவர் அப்போது எங்கள் கோவில் கணக்கராக இருந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் அவரை நாங்கள் அண்ணன் என்றே அழைத்தோம்.

அண்ணன் இரண்டு ஆண்டுகள், இரவு செபமாலை முடிந்த பின்னர், அலுவலகத்தில் தனியே அமர்ந்து பழைய பதிவேடுகளின் பக்கம் ஒவ்வொன்றையும் படமெடுத்தார். பெயர்களையும் நாள்களையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, படங்களோடு இணைத்து ஒரு தரவுத்தளம் உண்டாக்கினார். "காகிதம் நமக்கு முன்னால போயிரும் தம்பி" என்று அவர் சொன்னது எங்கள் காதில் இன்னும் இருக்கிறது.

2012இல் திருவிழாக் கணக்கு பற்றிப் பேரவைக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதே, ஆனால் கேட்ட விதம் நியாயமானதன்று. அண்ணன் பதில் சொன்னார், கணக்கை ஒப்படைத்தார், சில வாரங்களில் பணியிலிருந்து விலகினார். அதன்பின் அவர் முதல் திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் நின்று திரும்பிவிடுவார். அலுவலகத்துக்குப் புதிய கணிப்பொறி வந்தது. சர்வரைத் திறக்க முயன்ற ஒருவருக்கும் கடவுச்சொல் தெரியவில்லை. "அவர் சாவியோடு போய்விட்டார்" என்று நாங்கள் சொன்னோம். ஒருமுறை அன்று, பலமுறை சொன்னோம். 2021இல் அவர் இறைவனடி சேர்ந்தபோது அடக்கச் சடங்கில் முன்வரிசையில் நின்ற நாங்கள், அப்போதும் மனத்துக்குள் அதையே சொல்லிக்கொண்டோம்.

*

பங்குத்தந்தை எழுத்து மூலம் அனுமதி தந்தார். அதை நாங்கள் கேட்டு வாங்கினோம். உரிமையாளரின் இசைவின்றி ஒரு கணிப்பொறிக்குள் புகுவது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு மாறானது. சட்டம் ஒருபுறம் இருக்க, மறைந்தவர் ஒருவர் பூட்டிவைத்த கதவைத் திறக்கும்போது, திறப்பது யார் பெயரால் என்பதை நாமே தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்து தூசியைத் தூரிகையால் துடைத்தோம். தாய்ப்பலகையிலிருந்த காசு போன்ற மின்கலம் செத்திருந்ததால் அதை மாற்றினோம். பிறகு, எதையும் தொடுவதற்கு முன் அதன் வட்டைக் கழற்றி, முழுவதையும் எழுத்துக்கு எழுத்து வேறொரு வட்டில் படியெடுத்தோம். பதினேழு ஆண்டுப் பழைய வட்டு எந்த நேரத்திலும் சுழல மறுக்கலாம். பழைய பொருளைப் பழுதுபார்க்க முனைபவர்க்கு முதல் விதி இதுதான்: கைவைக்கும் முன் படியெடு. ஒரு மணி நேரத்துக்கு மேலாக அந்த வட்டு முனகிக்கொண்டே சுழன்றது.

கணிப்பொறியை இயக்கியதும் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. முதலில் ஊகித்துப் பார்த்தோம். பாதுகாவலரின் பெயர், திருவிழா நாள், அண்ணனின் பிறந்த ஆண்டு, திருமண நாள், மூத்த மகளின் பெயர், சிறுவயதில் இறந்துபோன மகனின் பெயர். ஒவ்வொரு முறையும் இயந்திரம் சில நொடிகள் தயங்கிப் பின் இல்லை என்றது. பத்துப் பன்னிரண்டு முயற்சிகளுக்குப் பிறகு நாங்களே நிறுத்திக்கொண்டோம். இறந்த மனிதர் ஒருவரின் அன்புக்குரியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இதுவா உன் சாவி, இதுவா உன் சாவி என்று பூட்டில் நுழைத்துப் பார்ப்பது எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

இயந்திரத்துக்குள்ளேயே அந்தச் சொல் எங்கேனும் எழுதப்பட்டிருக்குமே, அதைத் தேடி எடுக்கக் கூடாதா என்று ஆசிரியர் கேட்டார். எழுதப்பட்டிருக்காது என்பதே விடை. கணிப்பொறியில் கடவுச்சொல் கேட்கும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோ என்பவர் தலைமையில் பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு உருவானபோது வந்தது. அங்கே எல்லாருடைய சொற்களும் ஒரே கோப்பில் அப்படியே எழுதிவைக்கப்பட்டிருந்தன. 1966இல் இரு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் வேலை செய்தபோது இரண்டு கோப்புகள் இடம் மாறிவிட்டன. அன்றைய அறிவிப்பு தோன்ற வேண்டிய இடத்தில், உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாகத் தோன்றினவாம்!

அதிலிருந்து உலகம் பாடம் கற்றது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை, யூனிக்ஸ் அமைப்பு அச்சொற்களைக் காக்கும் முறையை விளக்குகிறது. சொல்லை எழுதிவைக்காமல், அதை அரைத்து வந்த மாவை மட்டும் வைத்துக்கொள்வதே அந்த முறை. நாம் சொல்லைத் தட்டும்போது இயந்திரம் அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது. மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற முடியாது. இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறாக இருக்கும்படி, அரைக்கும்போது சிறிது உப்பும் கலக்கிறார்கள். உப்பு என்பதே அத்துறையில் அதற்குப் பெயர்.

உப்பு என்றதும் ஆசிரியர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தக் கரையான் அரித்த பதிவேட்டின் குழந்தைகள் எல்லாருடைய நாவிலும் உப்பு வைத்திருப்பார்கள் என்றார். உண்மைதான். 1969இல் குழந்தைகள் திருமுழுக்குச் சடங்கு திருத்தி அமைக்கப்படும்வரை, குரு மந்திரித்த உப்பில் சிறிது எடுத்துக் குழந்தையின் வாயில் வைப்பார். கெட்டுப்போகாமல் காக்கும் பொருள் அது.

மாவை வைத்து அரிசியைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றே ஒன்றுதான்: உலகிலுள்ள சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்ப்பது. கென் தாம்சன் தம் இளமையில் பயன்படுத்திய சொல்லே இவ்வாறு 2019இல்தான் வெளிப்பட்டது. வலிமை மிக்க கருவி ஒன்று நான்கு நாள்களுக்கு மேல் அரைத்துக் கண்டுபிடித்தது, சதுரங்க ஆட்டத்தின் ஒரு தொடக்க நகர்வை. ஒரு மேதை நாற்பது ஆண்டுகளுக்கு முன் எதை நேசித்தார் என்பது அந்த எட்டு எழுத்துகளில் இருந்தது. எங்களுக்கு அதற்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை.

ஆகவே பழைய சொல்லைத் தேடும் எண்ணத்தை விட்டோம். தொலைந்த சொல்லை மீட்க முடியாது. புதிய சொல் ஒன்றை அவ்விடத்தில் வைக்கலாம். அதற்கு வழி இருக்கிறது.

*

அந்தச் சர்வர் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இயங்குவது. அதில் எல்லாம் செய்ய வல்ல நிர்வாகிக்கு 'ரூட்' என்று பெயர். வேர் என்று பொருள். கணிப்பொறி கண்விழிக்கும்போது, 'கிரப்' என்ற சிறு நிரல் முதலில் எழுந்து, இயங்குதளத்தை எந்த வரிசையில் எழுப்ப வேண்டும் என்பதைக் கூறும் ஒரு வரியைத் தன்னிடம் வைத்திருக்கும். சில நொடிகளே அது காத்திருக்கும். அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு விசையைத் தட்டி நிறுத்தினால், அந்த வரியைத் திருத்தலாம். வழக்கமான காவலரையெல்லாம் எழுப்பாமல், கட்டளை ஏற்கும் ஓர் எளிய நிரலை மட்டும் முதலில் எழுப்பு என்று வரியின் ஈற்றில் ஒரு சொற்றொடரைச் சேர்த்தோம். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. கடவுச்சொல் எதுவும் கேட்கப்படவில்லை. ஒரே ஒரு வரி மின்னியது. 'ரூட்' என்ற சொல்லும், அதன் அருகே அடைப்புக்குறிக்குள் 'ஏதுமில்லை' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லும் இருந்தன. கணிப்பொறி தன் பெயரை இன்னும் அறியாத நிலை அது. பெயரில்லாத வீட்டின் வேர் நாங்கள்.

பல ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தவருக்கும் அந்த நேரத்தில் கை சற்று நடுங்கியது. காவலர் தூங்கும்போது கருவூலத்துக்குள் நிற்பது போன்ற உணர்வு. வட்டு அப்போது படிக்க மட்டுமே இசைந்திருந்தது. எழுதவும் இசையுமாறு ஒரு கட்டளை இட்டோம். கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையைத் தட்டினோம். புதிய சொல்லை இருமுறை கேட்டது. தட்டும்போது திரையில் ஓர் எழுத்தும் தெரியாது, மௌனமாகத்தான் ஏற்றுக்கொள்ளும். எழுதியவை யாவும் வட்டில் முழுமையாகப் பதியும்படி செய்து, முறையாக மூடி, மறுபடி எழுப்பினோம். பதினொரு ஆண்டுகளாக அடைபட்டிருந்த கதவு பதினைந்து நிமிடங்களில் திறந்தது.

இவ்வளவு எளிதாகத் திறப்பது பூட்டா என்று வாசகர் கேட்கலாம். நாங்களும் கேட்டுக்கொண்டோம். கணிப்பொறியின் முன் நேரில் அமர்பவரிடமிருந்து கடவுச்சொல் மட்டும் அதைக் காத்துவிடாது. வட்டைக் கழற்றி வேறு கணிப்பொறியில் மாட்டியும் படிக்கலாம். கிரப்புக்கும் தனிப் பூட்டு இடலாம். வட்டு முழுவதையும் மறைகுறியாக்கமும் செய்யலாம். அவ்வாறு மறைகுறியாக்கம் செய்த வட்டின் சாவி தொலைந்தால், நாங்கள் செய்த எதுவும் பயன்படாது. அந்தக் குழந்தைகளின் பெயர்கள் என்றென்றைக்கும் போயிருக்கும். அண்ணன் அதைச் செய்யவில்லை. அவர் நம்பியது அந்த அறையின் கதவையும், அந்த அறைக்குள் வரக்கூடியவர்களின் நேர்மையையும்தான்.

*

தரவுத்தளம் எழுந்தது. அம்மையாரின் பெயரைத் தட்டினோம். பழைய எழுத்துரு புதிய திரையில் சிதைந்து தெரிந்தாலும், இணைத்திருந்த படம் தெளிவாக வந்தது. 1962ஆம் ஆண்டுப் பக்கத்தில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், குருவின் கையொப்பம் எல்லாம் இருந்தன. ஓரம் மட்டும் வெறுமையாக, அறுபது ஆண்டுகளாகக் காத்திருந்தது. பங்குத்தந்தை திரையின் அருகே குனிந்து பார்த்துச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

அத்துடன் எழுந்திருக்கலாம். ஆனால் நிர்வாகியின் கண்ணுக்கு எல்லாக் கோப்புறைகளும் தெரியும். அண்ணனின் பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. அவர் சொந்தமாக எழுதியவை அதில் இருக்கக் கூடும். 2012ஆம் ஆண்டு எங்கள் நினைவுக்கு வந்தது. அந்தக் கணக்கைப் பற்றி அவர் தமக்குள் என்ன எழுதிவைத்தாரோ? ஒரு விசை போதும், பார்த்துவிடலாம்.

எங்களைத் தடுத்தது எங்கள் நற்குணம் அன்று. பங்குத்தந்தை சொன்ன ஒரு செய்தியே தடுத்தது. மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தின் சாவி ஆயரிடமும் செயலரிடமும் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது சட்டத் தொகுப்பின் 487ஆம் எண். இரகசியக் காப்பகத்தின் சாவியோ ஆயர் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்கிறது 490ஆம் எண். ஆயர் இல்லாத காலத்தில், உண்மையான தேவை இருந்தாலொழிய அது திறக்கப்படலாகாது. அப்போதும் மறைமாவட்ட நிர்வாகியே நேரில் திறக்க வேண்டும். ஆயர் இருக்கை வெறுமையாக இருக்கும்போது எதையும் புதிதாக மாற்றக் கூடாது என்பதும் பழமையான நெறி. 428ஆம் எண் அதைக் கூறுகிறது. திருச்சபைக்கு நிர்வாகி என்பவர் உரிமையாளர் அல்லர். வெறுமையான இருக்கையின் அருகே நின்று, வர வேண்டியவர் வரும்வரை, இருப்பதை இருந்தவாறே காப்பவர். எல்லாவற்றையும் திறக்க வல்லவர் என்பதற்காக எல்லாவற்றையும் திறக்க உரிமை பெற்றவர் ஆகிவிட மாட்டார்.

அண்ணனின் கோப்புறையைத் திறக்காமலே ஒரு சிறு வட்டில் படியெடுத்தோம். அது அவருடைய குடும்பத்தாருக்குரியது.

நிர்வாகிக்குரிய கோப்புறையை மட்டும் பார்த்தோம். இனி அதைக் காக்கும் பொறுப்பு எங்களுடையது என்பதால். அதில் 14.8.2012 என்று நாளிட்ட ஒரு சிறு கோப்பு இருந்தது. அந்தத் திரையில் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதால், ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழில் எழுதியிருந்தார். தரவுத்தளத்தைத் தொடங்கும் முறை, படியெடுக்கும் முறை, வட்டில் எது எங்கே இருக்கிறது என்ற விவரம். கடைசியில் ஒரு குறிப்பு: கடவுச்சொல் எழுதி, அரக்கு முத்திரையிட்ட உறை இன்று பேரவையிடம் ஒப்படைக்கப்பட்டது, மர அலமாரியின் மேல்தட்டில் வைக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர் என்று ஒரு பெயர்.

அந்தப் பெயர் எங்களில் ஒருவருடையது.

யாரும் பேசவில்லை. பேரவையின் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினோம். அதே நாள். மூன்றாவது பொருளாக, ஒரே வரியில், உறை பெறப்பட்டது என்று இருந்தது, கீழே கையொப்பம். 2015ஆம் ஆண்டு மழைக்குப் பின், அலுவலகத்துக்கு வெள்ளையடித்தபோது அந்த அலமாரியின் மேல்தட்டைக் காலிசெய்து, ஈரமான காகிதங்களைக் கோவிலின் பின்புறம் குவித்துத் தீயிட்டவர்களும் நாங்களே. அரக்கு அந்தத் தீயில் உருகியிருக்கும்.

கையொப்பம் எங்களில் எவருடையது என்பதை இங்கே எழுதாமல் விடுகிறோம். ஒருவரை மறைப்பதற்காக அன்று. கையெழுத்திட்டது ஒருவர், மறந்தது இருவர், "சாவியோடு போய்விட்டார்" என்று ஊருக்குச் சொன்னதும் இருவர். இந்தக் கட்டுரையில் நாங்கள் என்ற சொல்லுக்கு வேறு பொருள் இல்லை.

*

அடுத்த ஞாயிறு மாலை அண்ணன் வீட்டுக்குச் சென்றோம். கோவிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்த இரண்டு தெருவை நடக்க எங்களுக்குப் பதினொரு ஆண்டுகள் ஆயின. மதினி திண்ணையில் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்றார்.

நடந்ததைச் சொன்னோம். உறையையும், எரித்ததையும், அவரைப் பற்றி நாங்கள் பேசியதையும் மறைக்காமல் சொன்னோம். மதினி நடுவில் ஒரு சொல்லும் பேசவில்லை. முடித்தபின் சிறிது நேரம் அண்ணனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவர் அலமாரியில இருக்கு, வேணும்னா எடுத்துக்கிடுவாங்கன்னுதான் அவங்க சொல்லுவாங்க. நீங்க சாவியக் கொண்டுபோயிட்டாருன்னு பேசுறது அவங்க காதுக்கும் வந்துச்சு தம்பி. கோவப்படல. ஒரு வார்த்தை எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமேன்னு மட்டும் சொன்னாங்க. ஒரே ஒரு வார்த்தை."

எங்களிடம் பதில் இல்லை. இயந்திரத்தின் கடவுச்சொல்லை நாங்கள் தொலைத்தது தீயில். அதற்கு மாற்று வைக்கக் கால் மணி நேரம் போதுமாயிருந்தது. அண்ணனிடம் கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு சொல்லோ, ஒன்பது ஆண்டுகள், ஞாயிறுதோறும், கடைசி வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே சொல்லப்படாமல் கிடந்தது. அதற்கு மாற்று வைக்கும் கட்டளை எந்த இயந்திரத்திலும் இல்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லாத சொல்லை, அவர் போன பின், அவர் மனைவியிடமும் கடவுளிடமும்தான் சொல்ல முடியும். மதினி எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். வட்டை வாங்கி, "எனக்கு இதத் திறக்கத் தெரியாது, பேரன் லீவுக்கு வரட்டும்" என்று சொல்லி மாதா படத்தின் கீழே வைத்தார். அந்த வாரமே நாங்கள் இருவரும், தனித்தனியே, ஒப்புரவு அருளடையாளம் பெற்றோம்.

மறைமாவட்ட அலுவலகத்தின் ஒப்புதலோடு, படங்களைப் பார்த்து 1958 முதல் 1964 வரையிலான பதிவேடு புதிய தாளில் கையால் எழுதப்பட்டு, பங்குத்தந்தையின் சான்றோடு கட்டப்பட்டது. புதிய கடவுச்சொல் இரண்டு உறைகளில் இருக்கிறது: ஒன்று பங்கில், மற்றது மறைமாவட்ட அலுவலகத்தில். பங்குத்தந்தை மாறும்போதும், பேரவை மாறும்போதும், உறை இருக்கிறதா என்று பார்த்து இருவர் கையொப்பமிட வேண்டும் என்று முடிவுசெய்திருக்கிறோம். சொல்லை மாற்றுபவர் உறையையும் மாற்ற வேண்டும்.

பாஸ்கா முடிந்த இரண்டாம் வாரத்தில், வெளியூரில் ஒரு வீட்டில், கட்டிலின் அருகே மேசையிட்டு, இரண்டு சாட்சிகள் முன் அந்தத் திருமணம் நடந்ததாக அந்தப் பங்கிலிருந்து அறிவிப்பு வந்தது. பெரியவர் நற்கருணை உட்கொண்டார் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். பங்குத்தந்தை புதிய பதிவேட்டைத் திறந்து, 1962ஆம் ஆண்டு வரியின் ஓரத்தில் நாளையும் இடத்தையும் மணமகன் பெயரையும் எழுதினார். மை உலரும்வரை மூடாமல் வைத்திருந்தார். எழுத்துச் சரிதானா என்று அண்ணன் படமெடுத்த பக்கத்தோடு நாங்கள் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தோம். படத்தின் கீழ்மூலையில், தாள் மடங்காமல் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல் தெரிந்தது.